விட்டுக்கொடுத்தவர்

"கேள்வி எண் நூற்றுப் பதினேழு" என்று அவைத் தலைவர் அழைத்ததும் மலையாண்டி எழுந்து நின்றார்.

மேலே பார்வையாளர் மாடத்தில் கோட்டைச்சாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உளறட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேருக்கும் நாச்சியாபுரம் பக்கத்தில் ஒரே ஊர். பங்காளிகள். ஒரே கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்கள்.

கோட்டைச்சாமி இரண்டு வயது மூத்தவர். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். கட்சி மேடையில் ஏறினால் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார். மலையாண்டி எட்டாம் வகுப்போடு நின்றவர். மேடையில் ஏற்றிவிட்டால் துண்டை முறுக்கிக்கொண்டு நிற்பார்.

அந்த மலையாண்டிதான் அறுபத்தேழு தேர்தலில் ஜெயித்துச் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு வருஷமாகக் கோட்டைச்சாமி மெட்ராஸ் பக்கமே வரவில்லை. மூன்று கடிதம் போட்டு, கடைசிக் கடிதத்தோடு அனுமதிச் சீட்டும் வைத்து, மலையாண்டிதான் வரவழைத்திருந்தார். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்காமல் கோட்டைச்சாமி காரைக்குடியில் ரயிலேறினார்.

காலையிலிருந்து சபையில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஒருவர் உரம் கிடைக்கவில்லை என்றார். இன்னொருவர் கால்நடை மருத்துவமனை கேட்டார். அமைச்சர்கள் தாளைப் பார்த்துப் பதில் படித்தார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கோட்டைச்சாமியின் கண்ணில் அதெல்லாம் படவில்லை. மலையாண்டிக்கு முன்னால் இருந்த மேஜையைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். டவாலி போட்ட சேவகன் கொண்டுவந்து வைத்த தண்ணீர் தம்ளரைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். நடுவில் உட்கார்ந்து, பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தவர்களைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. இருபது வருஷம் மேடையில் கத்தியிருக்கிறார். அவர் பேசியதில் ஒரு வரியை யாரும் எழுதி வைத்ததில்லை.

மலையாண்டியின் கேள்வி, ஊருக்கு மேற்கே ஓடையின் குறுக்கே பாலம் கட்டப்படுமா என்பது.

"அரசின் பரிசீலனையில் உள்ளது" என்று அமைச்சர் படித்துவிட்டு உட்கார்ந்தார்.

அவ்வளவுதான், இனி இவனும் உட்கார வேண்டியதுதான் என்று கோட்டைச்சாமி நிம்மதியாகச் சாய்ந்தார்.

மலையாண்டி உட்காரவில்லை. துண்டின் நுனியைப் பிடித்து முறுக்கினார். துணைக் கேள்வி கேட்க வேண்டும் என்றார்.

"ஐயா, முந்தி இருந்தவுகளும் பரிசீலனையில இருக்குன்னுதான் சொன்னாக. மழை வந்துட்டா, பிரசவத்துக்குப் போற எங்க ஊருப் பொம்பளையும் இக்கரையிலயே பரிசீலனையிலதான் கெடக்கா."

சபை கொல்லென்று சிரித்தது. பிறகு சிரிப்பு பட்டென்று அடங்கியது. தூங்கிக்கொண்டிருந்த இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அமைச்சர் எழுந்தார். கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். இந்த ஆண்டே வேலை தொடங்கும் என்றார்.

இரண்டு பக்கமும் மேஜையைத் தட்டினார்கள்.

"உங்க ஊர்க்காரரா?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"பக்கத்து ஊரு" என்றார் கோட்டைச்சாமி.

தானாக இருந்தால் பாலத்தைப் பற்றி அடுக்கடுக்காக அரை மணி நேரம் பேசியிருப்போம், ஆனால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள், பாலமும் வந்திருக்காது என்று அவருக்குத் தோன்றியது.

கேள்வி நேரம் முடிந்ததும் மலையாண்டி வேர்த்து விறுவிறுத்து வராந்தாவுக்கு ஓடி வந்தார். அங்கே நின்ற ஏழெட்டு உறுப்பினர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் அவர்களை விலக்கிக்கொண்டு, மாடத்திலிருந்து இறங்கி வந்து நின்ற கோட்டைச்சாமியிடம் வந்து, தோளைப் பிடித்து அவர்கள் முன்னால் நிறுத்தினார்.

"இவுக எங்க அண்ணன். எலெக்சன்ல நிக்கிற சீட்டு மொதல்ல இவுகளுக்குத்தான் வந்துச்சு. 'எனக்கு வேணாம், மலையாண்டிக்குக் குடுங்க'ன்னு சொன்ன மகராசன். இல்லேன்னா நான் இந்நேரம் வயல்ல மடை திருப்பிக்கிட்டுக் கெடப்பேன்."

சொல்லி முடிப்பதற்குள் மலையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

தலை நரைத்த உறுப்பினர் ஒருவர் கோட்டைச்சாமியைப் பார்த்துக் கைகூப்பினார். கோட்டைச்சாமி தலையைக் குனிந்துகொண்டு பதிலுக்குக் கூப்பினார். அதைப் பார்த்து, எவ்வளவு அடக்கம் என்று யாரோ சொன்னார்கள்.

மலையாண்டி சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. கட்சிக்காரர்கள் ஜீப்பில் வந்து முதலில் கேட்டது கோட்டைச்சாமியைத்தான். அவர் மலையாண்டியைக் கைகாட்டியதும் நிஜம்.

அந்தத் தொகுதியில் கட்சி இரண்டு முறை டெபாசிட் இழந்திருந்தது. ஜீப் வருவதற்கு முந்தின மாசம்தான் ஊர்க் கோயில் திருவிழாவில், வருஷா வருஷம் கோட்டைச்சாமிக்குக் கட்டும் பரிவட்டத்தை ஊரார் மலையாண்டிக்குக் கட்டியிருந்தார்கள்.

ஜீப் தெரு முனை திரும்பியதும் கோட்டைச்சாமி வீட்டுக்குள் வந்து மனைவி சின்னத்தாயியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டெபாசிட்டும் போயி, அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இந்தத் தெருவுல நடந்து வரணும். அதை நான் நின்னு பாக்கணும்."

வராந்தாவின் கோடியில் இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"வாங்கண்ணே, அவுகளும் உங்களைப் பாக்கட்டும்" என்று மலையாண்டி அவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.