தல்வெர்தோ குடும்பத்தின் எண்ணிக்கை

அடையாள அட்டையில், ஒவ்வொருவரின் குடும்பப் பெயருக்கும் பக்கத்தில், அந்தப் பெயரோடு உலகில் உயிருடன் இருப்பவர்களின் எண்ணிக்கை ஒளிரத் தொடங்கிய அன்று, தூத்துக்குடி ஜெர்வாஸ் தல்வெர்தோவின் அட்டை மூன்று என்றது.

ஏதோ ஒரு போர்ச்சுக்கீசியப் பாதிரியார் ஞானஸ்நானத்தில் அவருடைய முன்னோர் ஒருவருக்கு மட்டும் வைத்த பெயர் அது. மிஞ்சியிருந்தவர்கள் அவரும் மகள் பிலோமியும்தான்.

“மூணாவது யாருப்பா?”

ஜெர்வாஸ் சுவரைப் பார்த்தார். அவரோடு சண்டை போட்டுவிட்டுக் கடலுக்குப் போய்த் திரும்பாத மகன் கஸ்பாரின் படத்தில் ஒன்பது வருட மாலை. உடலில்லாமலே கல்லறையும் கட்டியாயிற்று.

மாலையைக் கழற்றினார். வாசற்கதவைப் பூட்டுவதை நிறுத்தினார். யாரும் வரவில்லை.

ஆவணியில் எண் நான்கானது.

“அண்ணனுக்குப் புள்ள பொறந்திருக்குப்பா,” என்று பிலோமி அழுதாள்.

அன்றிலிருந்து ஜெர்வாஸ் இதய மாத்திரையைத் தொடவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் பிலோமி கண்டுபிடித்தாள்.

“ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க?”

“அவன் கையிலயும் இதே அட்டதானளா இருக்கும்? நாலு மூணாவட்டும். யாரு போனதுன்னு பாக்கவாவது வருவாம்லா.”