நாலாம் மாடி லைட்

"கொள்ளி வைக்க வராதவன் இப்ப லைட் போட வாறானாமோ?"

மயிலம்மா கேட்டதும் கூட்டம் அவர் பக்கம் திரும்பியது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள அஞ்சு மாடிக் கட்டடம் அது. கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் கதிரை போட்டுக் குடியிருப்பாளர் கூட்டம். ஜன்னல் இல்லாத கொரிடோர்களில் இரவு பகலாக லைட் எரிந்து, பொதுக் கரண்ட் பில் எல்லோரையும் கடித்துக்கொண்டிருந்தது. ஆள் வந்தால் எரிந்து, போனால் தானாக அணையும் லைட் போடுவதென்று முடிவாகியிருந்தது. எந்த வகை என்பதில்தான் இழுபறி.

லைட் கொம்பனியில் இருந்து வந்திருந்த சுதர்சினி பொறுமையாக விளக்கியிருந்தாள்.

"ரெண்டு விதம் இருக்கு. ஒண்டு, ஒவ்வொரு லைட்டும் தன்ரபாட்டில தனிய வேலை செய்யும். விலை குறைவு. மற்றது, எல்லா லைட்டையும் நெட்வேர்க்கில ஒண்டாத் தொடுக்கிறது. எந்த மாடியில எப்ப பத்தினது, எது பழுது எண்டு போனிலயே பாக்கலாம். உலகத்தில எங்க இருந்தும் பாக்கலாம். ஆனா விலை கூட."

தனித்தனியே போதும் என்று முக்கால்வாசிப் பேர் சொன்ன பிறகுதான், கமிற்றித் தலைவர் முத்துலிங்கம் லண்டனில் இருந்து வந்த செய்தியை வாசித்தார். நாலாம் மாடி மயிலம்மாவின் ஒரே மகன் ஜெயகுமார் அனுப்பியது. எல்லாவற்றையும் தொடுத்தே போடுங்கள், கூடுகிற செலவு என்னுடையது, என் போனிலும் பார்க்க வழி செய்தால் போதும் என்றிருந்தான்.

அதற்குத்தான் மயிலம்மா அப்படிக் கேட்டார். தகப்பனின் செத்தவீட்டுக்கு ஜெயகுமார் வரவில்லை. தகப்பனின் தமையன் மகன்தான் கொள்ளி வைத்தான். அன்றிலிருந்து மகன் போன் எடுத்தால் அவர் தொடுவதே இல்லை.

"லண்டன்ல ஈக்கிறவருக்கு எங்கட லைட்டப் பாத்து என்ன ஆகப்போகுது?" என்றார் இரண்டாம் மாடி பஸீர். "கையில சல்லி ஈக்கிண்டு காட்டத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆளை நக்கலடித்தார்களே தவிர, அவனுடைய காசை வேண்டாமென்று ஒருவரும் சொல்லவில்லை.

"அப்ப என்ர மாடிக்கு மட்டும் தனி லைட்டாப் போடுங்கோ," என்றார் மயிலம்மா. "நான் கதவு திறக்கிறது, சாத்துறது ஒருதருக்கும் தெரிய வேண்டாம்."

அதை யாரும் காதில் வாங்கவில்லை.

எல்லா மாடியையும் தொடுத்தே லைட் போட்டு ஒரு மாதம் போயிருக்கும். சுதர்சினி முத்துலிங்கத்துக்குப் போன் எடுத்தாள்.

"அங்கிள், உங்கட நாலாம் மாடி லைட் மற்ற மாடியளைவிட எவ்வளவோ கூடப் பத்துது. மத்தியானத்தில அணையிறதும் பத்துறதுமாவே கிடக்கு. சென்சர் பழுதாக்கும் எண்டு மாத்தியும் பாத்தம். அப்பிடியேதான்."

முத்துலிங்கத்துக்கு எரிச்சல் வந்தது.

"சென்சர் பழுதில்லை, பிள்ளை. வீம்பு. வேணுமெண்டு வந்து வந்து நிண்டு பத்த வைக்கிறா. மகன் போட்டது எண்ட கோவம்."

"அப்ப அந்த மாடியை மட்டும் நெட்வேர்க்கில இருந்து கழட்டித் தனிய விடட்டோ?"

"விடுங்கோ. அவவும் அதைத்தானே கேட்டவ."

காசு கொடுத்தவனுக்கு ஒரு சொல் சொல்ல வேண்டுமே என்று அன்று பின்னேரம் லண்டனுக்குப் போன் எடுத்தார்.

"அங்கிள், அதை மட்டும் கழட்டாதேங்கோ." ஜெயகுமாரின் குரல் இறங்கிப்போனது. "மற்ற மாடியள் எனக்கு எதுக்கு? அம்மான்ர குரலைக் கேட்டு மூண்டு வருசம். அப்பா செத்த நேரம் எனக்கு விசா இல்லை. அங்க வந்திருந்தா திரும்பி இங்க வந்திருக்கேலாது. அதைச் சொல்லவும் அம்மா விடேல்ல. இப்ப அந்த லைட் பத்தினா, அம்மா எழும்பி நடமாடுறா எண்டு தெரியும். அதைப் பாத்திட்டுத்தான் வேலைக்குப் போறன்."

கூட்டத்தில் தானும் சேர்ந்து சிரித்தது முத்துலிங்கத்துக்கு நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

"அம்மாக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அங்கிள். தெரிஞ்சா, அதுக்குப் பிறகு வெளியிலயே வரமாட்டா."

கழட்டுகிற வேலையை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆனால் தாயின் வீம்பு தொடர்ந்தால் பஸீரும் மற்றவர்களும் சும்மா விடமாட்டார்கள். நயமாகச் சொல்லிப் பார்ப்போம் என்று மறுநாள் மத்தியானம் நாலாம் மாடிக்கு ஏறினார்.

மயிலம்மா கதவைத் திறந்து வைத்துவிட்டு லைட்டுக்குக் கீழே நின்றிருந்தார். தலை வாரி இழுத்து, கோயிலுக்கு உடுக்கும் சேலை உடுத்திருந்தார். எங்கேயும் புறப்படுகிற ஆயத்தம் இல்லை. கையில் கதவு பூட்டத் திறப்பும் இல்லை, பையும் இல்லை.

லைட் அணைந்தது. அவர் இரண்டு அடி நடந்தார். மறுபடி எரிந்தது. முகத்தை நிமிர்த்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னக்கா இது?" என்றார் முத்துலிங்கம் மெதுவாக. "இப்பிடி நிண்டு நிண்டு பத்த வைச்சா, மற்ற ஆக்கள் கழட்டச் சொல்லுவினமெல்லே. உள்ள போங்கோவன்."

மயிலம்மா அவர் பக்கம் திரும்பவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ, தம்பி. அங்க இப்பதான் விடியுது. எழும்பினவுடன பாப்பான்."