திங்கிற மிக்சர்

"திங்கிற மிக்சர் கேட்டா, மாவாட்டுற மிக்சரைத் தூக்கிட்டு வந்து நிக்கறயேடா, உன்னையெல்லாம் எந்த நேரத்துல பெத்தேன்?"

நாச்சம்மாளின் குரல் வடகரப்பதியைத் தாண்டி வாளையார் செக்போஸ்ட் வரைக்கும் கேட்டிருக்கும். அங்கே நிற்கிற லாரிக்காரர்கள் தங்களைத்தான் யாரோ திட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

மகன் மோகனசுந்தரம் தலையைத் தொங்கப்போட்டு வாசலில் நின்றான். மூணாறை ஒட்டின மாட்டுப்பட்டிப் பக்கம் கறவை மாடு பார்க்கப் போனவன். காலடியில் ஆட்டுக்கல் கனத்தில் ஒரு பழைய மிஷின். மூணாறில் ஏதோ எஸ்டேட் பங்களாவை ஒழித்தபோது வந்த சாமானாம். துரை காலத்தில் கேக்குக்கு மாவு அடித்ததாம். கூடவே கோணிப்பை நிறைய அதில் மாட்டுகிற உதிரிகள்.

"நீங்கதானம்மா போன்ல மிக்சர்னு சொன்னீங்க."

"மிக்சர்னா ஓமப்பொடியும் காராபூந்தியும் கலந்ததுடா. பச்சைக் கொழந்தையக் கேட்டாலும் சொல்லும்."

பக்கத்து வீட்டு ஜானகியம்மாள் வேலியோரம் வந்து நின்று வெகு நேரமாகிவிட்டது. "நானும் கேட்டேனுங்க அக்கா. இங்க நின்னுதான் சத்தமா மிக்சர்னு சொன்னீங்க" என்று சாட்சி சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே நின்ற தமிழ்ப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின புருஷன் இப்படி ஊர் சிரிக்க நிற்கலாமா? ஆனால் அந்தக் கோபத்துக்குள்ளேயே சின்னதாய் ஒரு ஆசையும் எட்டிப் பார்த்தது.

அந்த வீட்டில் விருந்தாளி வந்தால் சந்தகை. நோம்பி வந்தால் சந்தகை. ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்தாலும் சந்தகை. வெந்த அரிசி மாவைச் சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டு அழுத்திப் பிழிய வேண்டும். பிழிந்து பிழிந்து அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கையை அசைக்கவே கூடாது என்று டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பினார். கட்டை அவிழ்த்து வைத்துவிட்டுப் பிழிந்தாள், பாவம்.

மாமியாரிடம் போய் மிஷின் வேண்டும் என்று யார் கேட்பது? "மிஷின்ல பிழிஞ்சா அது சந்தகை இல்ல, சணல் கயிறு" என்று ஊரில் மிஷின் வாங்கிய வீட்டையெல்லாம் பேர் சொல்லி மானத்தை வாங்கியவள் நாச்சம்மாள். ஜானகியம்மாள் வாங்கியபோது ஒரு தீபாவளியிலிருந்து மறு தீபாவளி வரைக்கும் அவளோடு பேச்சை நிறுத்தியவள்.

"நாளைக்கே கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துப்போட்டு வா" என்றாள் நாச்சம்மாள்.

தமிழ்ப்ரியாவுக்குத் திக்கென்றது.

"திருப்பி எடுக்க மாட்டாங்களாம்மா" என்றான் மோகனசுந்தரம்.

"அப்ப இத என்ன, கோயில்ல கொண்டுபோய் வெக்கறதா?" நாச்சம்மாள் வேலிப் பக்கம் திரும்பினாள். "பாத்தியா ஜானகி, என்ற தலையெழுத்த. வீணாக்கவும் மனசு வரல. ஏ பிரியா, இங்க வா அம்மணி. கொண்டுவந்தவனுக்குத்தான் புத்தியில்ல. நீயாச்சும் இது எதுக்காவது ஆகுமான்னு பாரு."

"அத்தை, இது மிஷினுங்களே."

"எனக்குக் கண்ணு தெரியுது. மொதல்ல கழுவு. துரை ஊட்டுல அதுல என்னென்ன கறியக் கொத்துனாங்களோ."

புளி போட்டு ஒரு கழுவல், எலுமிச்சை தேய்த்து ஒரு கழுவல், அப்புறம் மஞ்சள் தண்ணீர். கடைசியில் நாச்சம்மாளே வந்து அதன் நெற்றியில் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். தமிழ்ப்ரியா கல்யாணமாகி வந்த அன்றைக்குக்கூட அவ்வளவு மரியாதை நடக்கவில்லை.

அதற்கப்புறம் ஆரம்பித்தது கூத்து. கம்பிக்கூண்டை மாட்டித் தயிர் கடைந்தார்கள். வெண்ணெய் பாதி சுவரில், பாதி மோகனசுந்தரத்தின் மீசையில். கொக்கியை மாட்டிப் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தார்கள். மிஷின் குதித்துக் குதித்து மேடை ஓரம் வரைக்கும் நடந்து போனது, மோகனசுந்தரம் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். பிறகு கறி கொத்துகிற குழாயை மாட்டி, வெந்த மாவை உள்ளே தள்ளினாள் தமிழ்ப்ரியா. சந்தகை இறங்கியது, சுண்டுவிரல் தடிமனில்.

நாச்சம்மாள் ஒன்றை எடுத்துத் தொங்கவிட்டுப் பார்த்தாள்.

"இது சந்தகையா, மண்புழுவா?"

கேட்டுவிட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டாள். இன்னொரு தட்டு வாங்கினாள். அதைச் சாப்பிடும்போதும் மகனைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

எது எப்படியோ, தமிழ்ப்ரியாவின் கை அன்றைக்கு வலிக்கவே இல்லை. இந்த மனுஷனுக்குக் காது இப்படியே அரைகுறையாக இருக்கட்டும் சாமி என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் நாச்சம்மாள் குளித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. தமிழ்ப்ரியா எடுத்து "அலோ" என்றாள். அவ்வளவுதான், அந்தப் பக்கத்து ஆள் மாமியார்தான் பேசுகிறாள் என்று நினைத்து மூச்சு விடாமல் ஆரம்பித்துவிட்டார்.

"யம்மா, மூணாறு பழைய சாமான் கடை நல்லமுத்து பேசுதேன். மருமவளுக்குக் கை நோவுதுன்னு நீங்க போன்லயே பேசி முடிச்சு மவன் கையில குடுத்து விடச் சொன்ன மிஷின் இருக்குல்லா, அதுக்குச் சந்தகைக்குன்னு பொடி ஓட்டை போட்ட தட்டு ரெடியாயிட்டு. ஊருக்கு முன்னால மவனை ஏசி முடிச்ச பொறவுதான் அனுப்பணும்னு சொன்னியள்லா. ஏசியாச்சாம்மா?"