கை தானாக வைத்த ரொட்டி

மெக்சிகோ நகரத்துச் சதுக்கத்தில், கூலிக்குத் தட்டச்சு இயந்திரத்தில் கடிதம் தட்டித் தரும் எலிசியோவின் முன்னால் எங்கள் தெரு ராங்கிக்காரி ஒபிலியா உட்கார்ந்திருக்கிறாள். வரிசையில் அடுத்த ஆள் நான்; என் காதுக்கு வேறென்ன வேலை? வடக்கே போய் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தும் புருஷனுக்கு எழுதுகிறாள். இங்கே வீட்டில் அவன் தட்டிலும் தினம் நாலு சோள ரொட்டியை அவள் கை பழக்கத்தில் வைத்துவிடுகிறதாம். எலிசியோ அதற்கு வார்த்தை தேடுகிறார். "'இன்வொலுந்தாரியோ'ன்னு போடட்டுமாம்மா? வேணும்னு செய்யலன்னு அர்த்தம்." "ஐயோ, கோர்ட்டு வாசம் அடிக்குது." "அப்ப 'ஔதோமாத்திகோ', தானா நடக்குதுன்னு?" "அதைப் போடுங்க. நான் காத்திருக்கேன்னு அவன் நினைச்சிடக் கூடாது." எலிசியோவின் விரல் பொத்தானுக்கு மேலே நிற்கிறது, அவள் அந்த விரலைப் பிடித்துக்கொள்கிறாள். வெயில் அவள் மடிக்கு வந்துவிட்டது. "வேணாங்கய்யா. துணியில சுத்தித்தான் வைக்கிறேன், ஆறிடாம. அதை எழுதுங்க."