அம்மா கொடுத்த முடி

சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு அம்மா வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அரசு தோள் பையோடு தெருவிலேயே நின்றுவிட்டான்.

"வாப்பா, மிலிட்டிரி!" எதிர்வீட்டு கோவிந்தம்மாள் குழாயடியிலிருந்து கூவினாள். "உனுக்கோசரம் உங்கம்மா காத்தாலயே மலைக்குப் போய் முடி குடுத்துட்டு வந்துகீது. செலக்ட் ஆயிட்டல்ல?"

அரசு உள்ளே நுழைந்தான்.

பிளஸ் டூ முடித்த நாளிலிருந்து அவனுக்கு டெரிடோரியல் ஆர்மி மேல் கொள்ளை ஆசை. வருடத்துக்கு இரண்டு மாதம் ராணுவம், மிச்ச மாதங்கள் ஊரில் சொந்த வேலை. வடக்கே லாரி ஓட்டிப் போன அப்பா பிணமாகத் திரும்பி வந்த வீடு அது. அம்மாவை விட்டுப் போகாமலே ராணுவத்தில் சேர அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

அம்மாவும் தடுக்கவில்லை. மூன்று மாதமாக விடியற்காலையில் அவனை எழுப்பி, மலைப் படிக்கட்டில் ஓட அனுப்பியவளே அவள்தான்.

கோயம்புத்தூரில் நடந்த ஆள்சேர்ப்பில், ஓட்டத்தில் முதல் பத்து பேருக்குள் வந்தான். மார்பளவில் தள்ளிவிட்டார்கள். மூச்சை எவ்வளவு இழுத்துப் பிடித்தும் ஒரு சென்டிமீட்டர் போதவில்லை. நேற்று மாலை தங்கை அபிக்கு மட்டும் போன் செய்து, அம்மாவிடம் சொல்லாதே என்று அழுதிருந்தான்.

"சாப்டியா நைனா?" என்றாள் அம்மா. போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அபி அடுப்படியை விட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அரசு உடைந்துபோனான். அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. ஓடிய ஓட்டமெல்லாம் வீணானதைவிட, அந்த வெறுந்தலைதான் அவனை வதைத்தது.

"பலிச்சப்புறம்தானே முடி குடுப்பாங்க? ஏம்மா அவசரப்பட்ட? என்னத் தள்ளிட்டாங்கம்மா!"

அவள் அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். அவன் குமுறினான்.

"அந்த முருகனுக்குக் கண்ணே இல்ல. உன் முடியையும் வாங்கிகினு நம்பள ஏமாத்திட்டான்!"

"ஐயோ, சாமியத் திட்டாதடா!" அம்மா பதறிப்போய் அவன் வாயைப் பொத்தினாள். இப்போது அவளும் அழுதாள்.

"அவன் ஏமாத்தல நைனா. உன்ன எடுக்கக்கூடாதுன்னுதான் நான் வேண்டிகினேன்."