காற்றுக்கு முதுகு காட்டிய பறவை

புயலடித்தால் தண்ணீரில் கிடக்கும் பறவைகள் எல்லாம் காற்றைப் பார்த்துத்தான் உட்காரும். முதுகைக் காட்டினால் இறகு கலைந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இந்த வேல்ஸ் மலை நீர்த்தேக்கத்துக்குப் பறவை பார்க்க வரும் நெரிஸுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று, பிப்ரவரிக் கடைசியில், கடற்காகங்கள் மொத்தமும் மேற்கே காற்றைப் பார்த்திருக்க, ஒன்று மட்டும் கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதன் மேல் ஓர் இறகுகூட அசையவில்லை. நெரிஸ் தொலைநோக்கியை அணைச்சுவரோரமாகத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தாள். எங்கே வைத்தாலும் அது அவளையே பார்த்தது.

“அக்கா, போயிடலாம். எனக்கு இது நல்லாப் படல,” என்றான் தம்பி எம்ரிஸ், தொப்பியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு.

“நீ வேணா வண்டில போய் உக்காரு. பாக்க வந்தவ நான். அது முறைச்சா நான் ஓடணுமா?”

மறுபடி குனிந்து பார்த்தாள். இப்போது கூட்டம் முழுக்க அவள் பக்கம் திரும்பியிருந்தது.

“முறைங்கடி, நல்லா முறைங்க!” என்று மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றினாள்.

பக்கத்தில் எம்ரிஸின் தொப்பி பறந்துபோனது. அவன் வாயைத் திறந்து என்னவோ கத்தினான். அவளுக்குக் கேட்கவில்லை. அவள் கழுத்துத் துண்டு அசையாமல் தொங்கியது. டீயின் ஆவி நேராக மேலே போனது.

நெரிஸ் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல், அவசரமே படாமல், ஊதி ஊதிக் குடித்தாள்.