முட்டுக் கொடுத்த கொம்பு

யானைக்குச் சொந்தமான காட்டில் ஒரு முயல் வாடகைக்குக் குடியிருந்தது. மழையில் வீட்டுக் கூரை சரிந்தது. உள்ளே குட்டிகள் இருந்ததால், முயல் அவசரமாக ஒரு மரக்கொம்பை வெட்டி முட்டுக் கொடுத்தது.

மறுநாள் யானையின் காரியஸ்தர் கீரி வந்தது.

"யாரைக் கேட்டு வெட்டினாய்?"

"கூரையைச் சரிசெய்யச் சொல்லி உங்களைத்தான் ஏழு தடவை கேட்டேன், ஐயா. முதலாளி நேற்றுகூட முதுகு சொறிய நாலு மரத்தைச் சாய்த்தாரே?"

"மரமும் அவருடையது, முதுகும் அவருடையது. உன்மேல் எழுதும் புகாருக்குச் சாட்சியாக அந்தக் கொம்பு வேண்டும்."

"அதை எடுத்தால் கூரை விழுந்துவிடும், ஐயா."

"அது உன் கவலை."

முயல் கடைசிக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்ததும் கீரி கொம்பை உருவியது. வீடு மொத்தமாகச் சரிந்தது.

கீரி புகாரில் இன்னொரு குற்றத்தையும் சேர்த்து எழுதியது: "குடியிருந்த வீட்டைச் சரியாகப் பராமரிக்கவில்லை."